குதிகாலுக்கு இடம்

மார்ச் 3, ஞாயிறு

காலையிலேயே அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பைக்கைச் சுற்றி வந்தேன். சீட்டின் நீளம், வாலின் அகலம், சைலன்சர் எவ்வளவு தூரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று எல்லாம் அளந்தேன். மாடியிலிருந்து இவள் எட்டிப் பார்த்து, "சட்டை தைக்கப் போறீங்களா அதுக்கு?" என்றாள். பக்கத்து பால்கனியிலும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

விஷயம் இதுதான். ஏப்ரலில் நானும் இவளும் நான்கு நாள் பைக்கில் கடற்கரைக் கலங்கரை விளக்கம் வரை போய் வருவதாகத் திட்டம். மகள் கல்லூரி விடுதிக்குப் போனதிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் தண்ணீர் மோட்டார், கேஸ் சிலிண்டர் — அதற்கு மேல் எதுவும் வருவதில்லை. பிள்ளை வளர்க்கும் கம்பெனியில் இருவரும் பங்காளிகளாக இருந்தோம். கம்பெனியை மூடிவிட்டார்கள். இப்போது என்ன பேசுவது? தனியாகப் போக வேண்டுமென்றால் நான் எப்போதோ போயிருப்பேன். எனக்கு இவளோடு போக வேண்டும்.

இவள் ஒரு நிபந்தனை போட்டுத்தான் சரி சொன்னாள். "பையெல்லாம் கட்டி ஒரு நாள் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. எனக்குச் சரின்னு பட்டா வரேன். இல்லன்னா நீங்க கடலுக்குப் போங்க, நான் அக்கா வீட்டுக்குப் போறேன்." அக்கா வீட்டுக் கதவு எப்போதும் திறந்தே கிடக்கிறது. அதுதான் பயம்.

மார்ச் 5, செவ்வாய்

மச்சான் வந்திருந்தார், இவளுடைய அண்ணன். நான் துணிப்பை வாங்கப்போகிறேன் என்றதும் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"பெட்டி மாட்டுங்க மாப்ள. பூட்டினோமா போனோமான்னு இருக்கலாம். துணிப்பையைத் தொங்க விட்டுட்டுப் போனா காய்கறி வாங்கப் போறீங்கன்னு நெனப்பாங்க."

பெட்டி மாட்ட இரும்புச் சட்டம் வேண்டும். சட்டம் மாட்டினால் பைக் எங்கள் பார்க்கிங் கேட்டுக்குள் நுழையாது, அளந்து பார்த்துவிட்டேன். மேலும் இது ஸ்போர்ட் டூரர். பாதி பந்தய வண்டி, பாதி நெடுந்தூர வண்டி. வால் மேலே தூக்கி ஒல்லியாக முடிகிறது. செய்தவர்கள் மூட்டை முடிச்சு என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே மறந்திருக்கிறார்கள். கனமில்லாத பைதான் அதற்கு லாயக்கு.

போகும்போது மச்சான், "என் பழைய பைக்கை ஓட்டி ஓட்டிக் கிளட்ச்சைத் தேய்ச்சதே உங்க பொண்டாட்டிதான், தெரியுமா?" என்று அவிழ்த்துவிட்டார். இவள் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மச்சான் கதை விடுவதில் மன்னன்.

மார்ச் 9, சனி

பை வாங்கியாயிற்று. கடையில் நின்றது என்னவோ அரை நாள். நான் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாள் முழுக்க மற்றவர்களைக் கேட்பவன். இன்று பைக்கடைக்காரர் என்னை அதே கேள்வி கேட்டார். பைகளை மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்து விழித்தேன். என்னிடம் வருகிறவர்கள் ஏன் விழிக்கிறார்கள் என்று இன்றுதான் புரிந்தது.

கடைசியில் மூன்று: சீட்டுக்குக் குறுக்கே போட்டால் இரண்டு பக்கமும் தொங்கும் ஜோடிப் பை, பெரியது. பின்னால் கட்ட ஒரு உருளைப் பை. பெட்ரோல் டேங்க் மேல் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சின்னப் பை.

மார்ச் 10, ஞாயிறு

காந்தம் ஒட்டவில்லை. டேங்க் அலுமினியமாம்.

மார்ச் 17, ஞாயிறு

மெக்கானிக் வீட்டுக்கே வந்தான். எல்லோரும் அவனைக் குறடு என்றுதான் கூப்பிடுகிறார்கள், பிடித்தால் விடமாட்டான். நான் வாங்கி வைத்திருந்த கொக்கி போட்ட ரப்பர் கயிற்றைப் பார்த்ததும், "இது பால் கேன் கட்டறதுக்கு சார். குழியில ஒரு குதி குதிச்சா இழுத்துக்கும், பை அந்தப் பக்கம் போய்ப் பாத்துட்டு வரும்," என்று ஓரமாகப் போட்டான்.

சீட்டைக் கழற்றி, அடியில் வண்டியின் சட்டத்தைச் சுற்றிப் பட்டைகளை விட்டோம். பைக்கு நாலு மூலையிலும் பிடி வேண்டும். இரண்டு முன்னால் இழுக்க, இரண்டு பின்னால் இழுக்க. மிச்சம் தொங்கும் பட்டை நுனியைச் சுருட்டி முடிந்துவிட வேண்டும், இல்லையென்றால் செயின் அதைத் தின்றுவிடும். பெயிண்ட் தேயாமல் இருக்கப் பைக்கு அடியில் ஒட்டும் தாள். வலப்பக்கப் பைக்கும் சைலன்சருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. பைகளில் தண்ணீர் பாட்டிலும் பழைய பிரேம் கேட்டலாக்குகளும் நிரப்பிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஒரு சுற்று போய் வந்தேன். எதுவும் அசையவில்லை. பாட்டிலில் நுரைகூட வரவில்லை.

கர்வமாக இருந்தது. போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன்.

மார்ச் 18, திங்கள்

மகள் கடைக்கே போன் செய்தாள். "அப்பா, சூப்பரா இருக்கு. அம்மா எங்க உக்காருவாங்க?"

"ஏன், பின்னாடிதான்."

"பின்னாடி ஒரு பை உக்காந்திருக்கே?"

எனக்குத் தெரியாதா, அது சும்மா சோதனைக்கு என்று சொல்லி வைத்துவிட்டேன். சாயங்காலம் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பார்க்கிங்குக்குப் போனேன். உருளைப் பை பின்சீட்டில் ஜம்மென்று, மூலைக்கு மூலை கட்டி, ராணி மாதிரி உட்கார்ந்திருந்தது.

அம்மாவிடம் சொல்லாதே என்று மகளுக்கு அனுப்பினேன். சிரிப்பு பொம்மைகளாக நிறைய வந்தன.

மார்ச் 20, புதன்

குறடு வாலில் சின்னதாக ஒரு தட்டு பொருத்திக் கொடுத்தான். உருளைப் பை அங்கே போயிற்று. ராணிக்கு இடமாற்றம்.

மார்ச் 24, ஞாயிறு

இன்றுதான் இவளைக் கூட்டிக்கொண்டு சோதனை ஓட்டம்.

இடப்பக்கம் என் சாமான், வலப்பக்கம் இவளுடையது. சைகை பேசி வைத்தோம்: தோளில் ஒரு தட்டு தட்டினால் தேநீர், இரண்டு தட்டினால் மெதுவாக. ஏரிக்கரை வரை நன்றாகத்தான் போயிற்று. இரண்டு முறை இவள் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். காற்றுக்காக என்று நினைத்தேன். திரும்பும்போது சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டர்காரர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "சார், உங்க பை புகையுது," என்றார். மணி கேட்டால் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாக.

வலப்பக்கப் பை நகர்ந்து போய்ச் சைலன்சர் மேல் சாய்ந்திருந்தது. அடிப்பக்கம் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே இவளுடைய புது நடைக் காலணி, கலங்கரை விளக்கத்தின் படி ஏறவென்று வாங்கியது. ஒரு கால் மட்டும் உருகி அப்பளம் போல வளைந்திருந்தது.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அதைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் வைத்தாள். "அக்காகிட்ட வரேன்னு சொல்லிடவா?" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 25, திங்கள்

பையைக் கழற்றிப் பார்த்தேன். முன்பக்க மூலையில் அழுத்தித் தேய்த்த தடம். செருப்புத் தடம்! நாலு விரல் இடைவெளி விட்டுத்தானே கட்டினேன்? தனியாப் போனப்ப அசையாத பை நேத்து மட்டும் எப்படி அசையும்? நேராகப் போய், "நீ காலால தள்ளியிருக்கே," என்று சொல்லிவிட்டேன்.

ஏன்டா சொன்னே? வாயை வச்சிட்டு சும்மா இருக்க முடியாதா உனக்கு? தப்பு யார் மேலன்னு கண்டுபிடிச்சு என்ன ஆகப்போகுது, அவ வரணும், அதானே வேணும்.

இவள் மோட்டார் போடும் நேரத்தைக்கூட நினைவுபடுத்தவில்லை.

மார்ச் 27, புதன்

இவள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவள் மேலே ஏறாமல், பார்க்கிங்கிலிருந்தே போன் செய்து என்னைக் கீழே கூப்பிட்டாள். "மறுபடியும் எல்லாப் பையையும் கட்டுங்க. அந்த ஓட்டைப் பையையும்தான்." கட்டினேன். பிறகு முன்சீட்டில் ஏறி, இரண்டு காலையும் ஊன்றி வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "நீங்க பின்னாடி ஏறுங்க," என்றாள்.

ஏறுவதே பாடாக இருந்தது. உருளைப் பை மேல் காலைத் தூக்கிப் போட வேண்டியிருந்தது. உட்கார்ந்ததும் அந்தப் பை முதுகைப் பிடித்து முன்னால் தள்ளியது. முட்டி நெஞ்சுக்கு வந்துவிட்டது. பாதத்தை வைக்கலாம் என்று பார்த்தால், குதிகால் போகவேண்டிய இடத்தில் ஜோடிப் பையின் மூலை இருக்கிறது. பாதம் முழுசாகப் பதிய வேண்டுமென்றால் குதிகாலால் பையைப் பின்னால் தள்ளியே ஆக வேண்டும். நானும் தள்ளினேன். பை நல்ல பிள்ளையாக நகர்ந்து சைலன்சர் மேல் சாய்ந்தது.

"எப்படி இருக்கு?" என்றாள் திரும்பாமல்.

"கஷ்டமா இருக்கு."

"இப்படி உக்காந்து போய்ட்டு வர்றவங்கதான் ஒரு வாரம் கழிச்சு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு என்கிட்ட வர்றாங்க." பிறகு கொஞ்சம் தணிந்து, "ஒரு மாசமா பைக்கு எடம் பாத்தீங்க. நான் எங்க இருக்கேன்னு பாக்கவே இல்ல," என்றாள்.

கண் பரிசோதிக்க வருகிற ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, இது சரியா, அது சரியா என்று கேட்கிறேன். இவளை ஒரு முறைகூட உட்கார வைத்துக் கேட்கவில்லை. அங்கேயே, பின்சீட்டில் மடங்கிக்கொண்டே மன்னிப்புக் கேட்டேன். "மொதல்ல எறங்குங்க, வண்டி கனக்குது," என்றாள்.

மார்ச் 31, ஞாயிறு

எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றினோம். முதலில் இவள் உட்கார்ந்தாள். கால், இடுப்பு, முதுகு எல்லாம் வசதியான பிறகு அப்படியே இரு என்று சொல்லிவிட்டு, மிச்சம் இருந்த இடத்தில் நானும் குறடும் பை கட்டினோம். "இதுவரைக்கும் ஆள் மேல வச்சு அளவெடுத்து பை கட்டினதே இல்ல சார்," என்றான் குறடு. பார்க்கிங்கில் ஒரு கூட்டமே கூடிவிட்டது. இவள் பல் டாக்டர் நாற்காலியில் இருப்பது போல அசையாமல் உட்கார்ந்து அவர்களுக்கு வணக்கம் வைத்துக்கொண்டிருந்தாள்.

பெரிய ஜோடிப் பை தள்ளுபடி. சின்ன ஜோடி வாங்கினோம். உள்ளே ஒரு கெட்டி அட்டை வைத்ததால் தொய்யாது. வலப்பக்கம் சைலன்சருக்கு மேலே பையைத் தாங்க ஒரு வளைந்த கம்பி. உருளைப் பை இன்னும் ஒரு சாண் பின்னால் போனது. இப்போது அது சாய்ந்துகொள்ளத் திண்டாகிறது.

சாமான் பாதியாக வேண்டும். இவள் எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினாள். என்னுடைய இரண்டாவது டார்ச், மூன்றாவது டார்ச், மடக்கு நாற்காலி எல்லாம் போயின. ஓட்டைப் பை இப்போது சமையலறையில் வெங்காயம் வைத்துக்கொண்டு தொங்குகிறது. காந்தப் பை பிரிட்ஜ் கதவில் பல்லி மாதிரி ஒட்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் இத்தனை பேச்சு கேட்டு நாளாயிற்று. ஆனால் வருகிறேன் என்று இவள் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

அக்காவோடு ரொம்ப நேரம் போனில் பேசினாள். கதவு சாத்தியிருந்தது.

ஏப்ரல் 7, ஞாயிறு

மறுபடி ஏரிக்கரை. இம்முறை இன்னும் தூரம் போய், மேடு பள்ளம் இருக்கும் பாதையாகவே பார்த்துத் திரும்பினோம். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி எல்லாப் பட்டையையும் தொட்டுப் பார்த்தேன். புதுப் பட்டை முதலில் கொஞ்சம் இளகும் என்று குறடு சொல்லியிருந்தான். ஒன்றுதான் இளகியிருந்தது. வழியெல்லாம் தோளில் ஒற்றைத் தட்டுகள். மூன்று இடத்தில் தேநீர்.

வீட்டுக்கு வந்து இறங்கினாள். தீர்ப்புக்காக நின்றேன். ஹெல்மெட்டைக் கழற்றி, தலைமுடியை உதறி, வலப்பக்கப் பைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள். "சூடே இல்ல," என்றாள்.

"அப்ப அக்கா வீட்டுக்கு?"

"செவ்வாக்கிழமையே சொல்லிட்டேனே, இந்தத் தடவை வரலன்னு. அவளுக்குக் கோவம். ரொம்ப நேரம் சமாதானப்படுத்த வேண்டியதாப் போச்சு."

ஐந்து நாளாக என்னைத் தொங்கலில் விட்டிருக்கிறாள். கேட்டால், "நீங்க ஒழுங்காக் கட்டணும்ல," என்கிறாள்.

ஏப்ரல் 12, வெள்ளி

கலங்கரை விளக்கத்துக்குக் கீழே ஒரு சின்ன விடுதி. ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று. நடுவழியில் நல்ல மழை. பைகள் வெளியே நனைந்தன, உள்ளே பிளாஸ்டிக் உறையில் துணிகள் அப்படியே இருந்தன. நனைந்தவர்கள் நாங்கள் மட்டும்தான். ஒரு பெட்ரோல் பங்கின் ஓரத்தில் மழை விடும்வரை நின்று, மகளைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாமல் பேசிக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரியில் இவள் நடக்கப் பழக்கிவிட்ட ஒரு பாட்டுக்காரரைப் பற்றிச் சொன்னாள். இரண்டு வருடமாக அவர் வந்துபோகிறாராம். எனக்குத் தெரியவே தெரியாது.

இவள் பழைய செருப்போடு படியேறினாள். காலணியைப் பற்றி ஒரே ஒரு முறைதான் குத்திக் காட்டினாள்.

ஏப்ரல் 14, ஞாயிறு

திரும்பும் வழி. கடலை ஒட்டிய நேர்ச்சாலையில், கடைசித் தேநீருக்குப் பிறகு இவள் கையை நீட்டி, "சாவி குடுங்க," என்றாள்.

விளையாட்டு என்று நினைத்தேன். லைசன்ஸை எடுத்துக் காட்டினாள். கியர் வண்டியும் அதில் இருந்தது. "அண்ணன் சொன்னப்ப நம்பலதானே?" மச்சான் விட்டது கதை இல்லை.

நான் பின்னால் ஏறினேன். கிளம்பப் போகிறாள் என்று பார்த்தால், ஸ்டாண்டைப் போட்டு இறங்கினாள். என் கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்து, இரண்டு பக்கமும் பட்டையை ஒரு இழுப்பு இழுத்து இறுக்கினாள். அப்புறம்தான் ஏறினாள்.

கிளட்ச் கொஞ்சம் வெட்டியது. பிறகு வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டேன். மெதுவாக என்று தோளில் இரண்டு தட்டு தட்டினேன். "தேநீர் இப்பத்தானே குடிச்சோம்?" என்று கத்திவிட்டு இன்னும் கொஞ்சம் முறுக்கினாள்.

வேறு வழியில்லாமல் சாய்ந்துகொண்டேன். முதுகுக்குப் பை இதமாக இருந்தது. குதிகாலுக்கு நல்ல இடம். யாரோ உட்கார்ந்து பார்த்துச் செய்திருக்கிறார்கள்.