எல்லைக்கல்லில் நின்ற சைக்கிள்

உடும்பஞ்சோலை,
8.6.1974

அன்பு அண்ணன் நல்லமுத்துவுக்குத் தங்கை சுருளியம்மாள் வணங்கி எழுதுவது.

அம்மாவும் நானும் சுகம் என்று ஒரு வரி எழுதி, பிறகு அடித்துவிட்டேன். நீ எலப்புள்ளியில் செங்கல் சூளையில் இருப்பதை லாரிக்காரர் அர்த்தநாரிதான் சொன்னார். “அம்மிணி, உங்கண்ணன் கல்லுச் சுமக்கறான், யாருகூடவும் பேச்சே இல்லை” என்றார். அம்மா இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

இங்கே மழை பிடித்துவிட்டது. உன் சைக்கிளைத் துருப்பிடிக்காமல் அடுப்புக்குமேல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். எடை குறைய மட்கார்டையும் கேரியரையும் கழற்றினாயே, அவை கட்டிலுக்கடியில் இருக்கின்றன. சேற்றில் வழுக்காமல் இருக்கப் பின்சக்கரத்தில் நீ சுற்றிய கயிற்றை அம்மா அவிழ்க்க விடவில்லை. அட்டை கடிக்காமல் காலில் தேய்த்துக்கொள்ளும் புகையிலைத் தண்ணீர் புட்டியில் அப்படியே இருக்கிறது. லாரி டயரை வெட்டி அடி தைத்த கான்வாஸ் ஷூவை மட்டும் எலி கடித்துவிட்டது.

பந்தயத்தன்று நீ பார்க்காததை எழுதுகிறேன். அப்பா தவறிப்போன பிறகு நம் வீட்டில் யாருக்கும் நிரந்தர வேலை இல்லை, எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு போய்விடும் என்ற பயம் அம்மாவுக்கு. நீந்தி, சைக்கிள் மிதித்து, மலையேறி முதலில் வருகிறவனுக்கு ஃபாக்டரியில் நிரந்தர வேலை என்று தொரை சொன்னதும்தான் மாரியம்மனுக்குத் தீச்சட்டி நேர்ந்து உன் கையில் காப்புக் கட்டவைத்தாள். பாதை எப்போதும்போல எஸ்டேட்டுக்குள்ளேயே இருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். முந்தின நாள் மழையில் மண் சரிந்ததால் காலையில் எல்லைக்கல்லைத் தாண்டிப் போகும்படி பாதையை மாற்றிச் சுண்ணாம்பு போட்டார்கள். போட்டவர்களுக்குக் காப்புக் கட்டியவன் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்பது தெரியாது.

நாங்கள் எல்லைக்கல்லுக்கு மேலே மேட்டில் நின்றிருந்தோம். நீதான் முதலில் வந்தாய். உனக்குப் பின்னால் வளைவு வரைக்கும் யாரையுமே காணவில்லை. கல்லுக்கு முன்னால் நீ இறங்கியதும் கங்காணி பெரியமுத்து, “ஏலே, செயின் கழண்டு போச்சாலே? மிதிலே!” என்று கத்தினார். மஞ்சள் கயிறு கட்டிய கையை நீ தூக்கிக் காட்டியதும் அவரும் அடங்கிவிட்டார். ஒவ்வொருவராக உன்னைத் தாண்டிப் போனார்கள்.

அப்போது அம்மா, “தாண்டிப் போயிருய்யா” என்றாள். சத்தமே வரவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. அதை மாரியாத்தா கேட்டிருப்பாள் என்று இப்போது தினமும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். நீ தீச்சட்டி எடுத்து, காப்பை அவிழ்த்து, சொல்லாமல் போன நாளிலிருந்து ஒருவேளைதான் சாப்பிடுகிறாள்.

ஜெயித்த சூசையப்பன் அண்ணனுக்கு நம் வீட்டையே ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனி பிறந்ததும் நாங்கள் காலி செய்ய வேண்டும். அவர் வாசலில் நின்று, “எனக்கு இந்த வீடு வேண்டாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டேன் அத்தே” என்றார். அம்மா, “நீ எடுக்கலேன்னா வேற எவனோ வருவான். உன் பிள்ளைகளாவது இருக்கட்டும்யா” என்றாள். அவர் அழுதுகொண்டே போனார்.

தங்க இடம் கேட்டுப் போடியில் இருக்கும் சித்திக்கு எழுதினோம், பதில் இல்லை. பத்தாம் வகுப்புக்கு ஏன் வரவில்லை என்று டீச்சர் ஆள் விட்டுக் கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொன்னேன்.

உன்னை வேலைக்காகக் கூப்பிடவில்லை அண்ணே. இங்கே வேலை இல்லை. ஆனி பிறப்பதற்குள் ஒருமுறை வந்து அம்மா முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போ. அதற்குப் பிறகு வந்தால் இந்தக் கதவைத் தட்டாதே. நாங்கள் எங்கே இருப்போம் என்று எழுத எனக்கும் தெரியவில்லை. அந்த மாரியாத்தா உன் கைகால்களைக் காக்கட்டும்.

உன் தங்கை,
சுருளியம்மாள்