மேட்டுக்காட்டுச் சுக்காங்கீரை

ஸெலேனிவ்கா,
20 மே 2004

அன்புள்ள பராஸ்கா,

நலம். பசுவும் நலம். மேட்டுக்காட்டில் பனி உருகி, ஓடைக்கரையில் சுக்காங்கீரை தழைத்திருக்கிறது. வேலியோரத்துச் சின்ன இலைச் சாதி இல்லை. நீ ஆசைப்படும் அகல இலை, நாக்கைச் சுருட்டும் புளிப்பு. பறித்து உப்புப் போட்டு, ஜாடியில் அடைத்து இத்தாலி பஸ்காரனிடம் கொடுத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு ஹாஃபியா பார்த்துவிட்டு, "பொண்டாட்டிக்குப் புல்லு அனுப்புறியா ஒலெக்சா? அவ அங்க மேயுறாளா?" என்றாள். "மேயட்டும், மேஞ்சிட்டு வீடு திரும்பட்டும்" என்றேன். சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

நீ அனுப்பிய சம்பளத்தில் மகள் கல்யாணம் ஆயிற்று, கூரையும் மாற்றியாயிற்று. குளிருக்கு முன் வந்துவிடு.

உன் ஒலெக்சா

பிரேஷா,
இத்தாலி, 13 ஜூன் 2004

அன்புள்ள ஒலெக்சா,

ஜாடி உடையாமல் வந்தது. முட்டை போட்டு சூப் வைத்தேன். நான் பார்த்துக்கொள்ளும் பாட்டியம்மா மாதக்கணக்காக வாய் திறந்து பேசவில்லை என்று எழுதியிருந்தேனே, ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பிறகு, "இன்னும் கொஞ்சம்" என்றார். அவர் மகன் அடுக்களையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். "அம்மா இருக்கிறவரைக்கும் எங்கேயும் போயிடாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எப்படி மறுப்பது?

இந்த வருஷம் வர முடியாது. உன் கீரையே என்னை இங்கே கட்டிப்போட்டுவிட்டது, பார்.

பராஸ்கா

ஸெலேனிவ்கா,
26 மே 2005

அன்புள்ள பராஸ்கா,

இரண்டு ஜாடி அனுப்புகிறேன். ஒன்று பாட்டியம்மாவுக்கு. பறிக்கும்போது வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது, பயப்படாதே, நடக்கிறேன். குளிர்காலம் முழுக்கப் பேச்சுத் துணை பசுதான். இப்போது கன்று போட்டதும் அதுவும் என்னைக் கண்டுகொள்வதில்லை.

அந்த அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள். முடிந்ததும் வா.

ஒலெக்சா

பிரேஷா,
4 செப்டம்பர் 2005

ஒலெக்சா,

பாட்டியம்மா ஜூன் மாதமே போய்விட்டார். இரண்டாவது ஜாடியைத் திறக்கவில்லை. உனக்கு உடனே எழுதியிருக்க வேண்டும். எழுதினால் பஸ் ஏற வேண்டியிருக்குமே என்று எழுதவில்லை.

இங்கே வேறொரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். வேறு ஆள் யாருமில்லை, அப்படி நினைக்காதே. எனக்கென்று ஓர் அறை இருக்கிறது. சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிறேன். அங்கே வந்தால், சாப்பிட்டு முடித்தபின் உன்னிடம் என்ன பேசுவேன் என்று தெரியவில்லை. நீ கெட்டவன் இல்லை. அதனால்தான் இதை எழுதக் கை வரவில்லை.

கணுக்காலைக் கவனி.

பராஸ்கா

ஸெலேனிவ்கா,
30 மே 2006

பராஸ்கா,

பதில் எழுத ஒரு குளிர்காலம் ஆகிவிட்டது. கோபமில்லை. கோபப்பட்டுப் பார்த்தேன், நிலைக்கவில்லை.

நேற்று மேட்டுக்காட்டுக்குப் போனேன். எனக்கு மட்டும் எவ்வளவு போதும் என்று தெரியாமல் பழக்கத்தில் சாக்கு நிறையப் பறித்துவிட்டேன். வாழ்க்கையில் முதல் முறையாக நானே சூப் வைத்தேன். உப்பு கூடிப்போயிற்று. சாப்பிட்டுவிட்டேன்.

நேரமிருந்தால் எழுது. இனி வா என்று எழுத மாட்டேன். அதற்குப் பயந்து எழுதாமல் இருந்துவிடாதே.

ஒலெக்சா