ஜன்னலோரக் கதிரை

மஹய்யாவ,
செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பிக்கு,

நீ கட்டாரிலிருந்து பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

அரசியல் விஞ்ஞானத்தை மூன்றாம் தடவையும் படித்து முடித்துவிட்டேன். நிர்வாக சேவைப் பரீட்சைக்கான வர்த்தமானி அறிவித்தல் போன வாரம் வந்தது. வயதெல்லை இருபத்தெட்டு. எனக்குப் பதினொரு நாள் கூடிவிட்டது. அப்பாவிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

இப்போதும் தினமும் நூலகத்துக்குப் போகிறேன். அப்பா கூட்டுவது அந்தத் தெருவைத்தான். விளக்குமாற்றை நிறுத்திவிட்டு, ஜன்னலோரக் கதிரையில் நான் இருக்கிறேனா என்று அண்ணாந்து பார்ப்பார்.

இன்று குப்பை வண்டி தள்ளியவரிடம் அவர் சொன்னது மேலே வரை கேட்டது.

"மெதுவா தள்ளுங்க மச்சான். எம் மக பரீட்சைக்குப் படிக்குது."

நான் பக்கத்தைத் திருப்பினேன்.

உன் அக்கா