டக்மார் கை வைத்த நெஞ்சு

பிராக்,
ஞாயிறு.

அன்புத் தங்கை இவெட்டாவுக்கு,

ஆஸ்ட்ராவாவில் நீயும் மாப்பிள்ளையும் நலந்தானே? இங்கே ஓயாத மழை. உன் ராடோவான் அத்தான் தேறிவிட்டார். மாடிப்படி ஏறுகிறார், சூப்பில் உப்பில்லை என்று சண்டை போடுகிறார்.

போனில் நீ, "அப்புறம் ஏன்க்கா உம்முனு இருக்க?" என்று கேட்டாய். உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

அன்று டிராமில் அத்தான் சுருண்டு விழுந்தபோது, அவர் நெஞ்சை ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் அழுத்தியவள் டக்மார். சலூனில் முடி வெட்டுகிறவள், முன்பின் தெரியாதவள். மின் அதிர்ச்சி கொடுத்தும் இதயம் துடிக்கவில்லை. அழுத்தியபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், தொடையில் குழாய் செருகி, இதயமும் நுரையீரலும் செய்கிற வேலையை வெளியே ஒரு இயந்திரத்திடம் ஒப்படைத்தார்கள். அது ஓடும்போதே இதயத்தின் அடைப்பை எடுத்தார்கள். "அந்தப் பொண்ணு கை வைக்கலேன்னா எங்க மெஷினால ஒண்ணும் ஆகியிருக்காதும்மா" என்றார் டாக்டர். நானும் அழுதுகொண்டே தலையாட்டினேன்.

அன்றிலிருந்து வீட்டில் டக்மார் புராணம்தான். வருகிறவர்களிடமெல்லாம் இவர், "எனக்கு ரெண்டாவது உசிரு குடுத்தவ" என்கிறார். முதல் உயிரோடு இத்தனை வருஷம் மல்லுக்கட்டியவள் அடுப்படியில் நிற்கிறேன். அவள் பெயரைச் சொன்னால் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது. என் பெயரைச் சொல்வது மூக்குக் கண்ணாடியைத் தேடத்தான்.

நேற்று அவளைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். பிளம் பழக் கொழுக்கட்டை செய்தேன். உடைந்ததாகப் பார்த்து அவள் தட்டில் வைத்தேன். அவள் தொடவே இல்லை. "விலா எலும்பு என் கைக்கடியில உடைஞ்ச சத்தம் இன்னும் கேக்குதுக்கா. கத்தரியக் கையில எடுக்கவே முடியல. ஒரே ஒரு தடவ அவர் துடிப்பக் கேட்டுக்கட்டுமா?" என்றாள். அவரிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டாள்.

முடியாது என்றுதான் வாயில் வந்தது. ஆனால் சரி என்று தலை ஆடிவிட்டது. அவர் நெஞ்சில் அவள் காதை வைத்தாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "ஓடுது" என்று விம்மினாள்.

அவள் போனதும் அவர், "உனக்கும் கேக்கணுமா, லுட்மிலா?" என்று சிரித்தார். பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

பொறாமை போகவில்லையடி, கூடித்தான் இருக்கிறது. அவளுக்குக் கேட்க வாய் வந்ததே, எனக்கு வரவில்லையே!

இருவரும் நீண்ட காலம் சேர்ந்து வாழுங்கள். மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்பும் முன் அவர் நெஞ்சில் ஒரு தடவை காதை வைத்துப் பார். ஏன் என்று கேட்டால், அக்கா சொன்னாள் என்று சொல்.

உன் அக்கா,
லுட்மிலா