அப்பா உட்கார்ந்த இடம்

ஓகிமாச்சி
அக்டோபர் 9

அண்ணனுக்கு,

ஏழு வருஷமாக எழுதாதவள் எழுதுகிறேன். நலம்தான், முழங்கால் மட்டும் படுத்துகிறது. நேராகக் கேட்கிறேன். யாரை அனுப்பினீர்கள்?

போன வாரம் நம் வீட்டில் நான் பயணிகளுக்கு விடும் அறையில் மூன்று நாள் தங்க ஒருவன் வந்தான். பெயர் முராசே, வயது இருபத்தைந்து இருக்கும். மற்றவர்கள் கூரையைப் படம் எடுப்பார்கள். இவன் மாடியேறி, கூரை மரங்களைப் பிணைத்த கயிற்றுக் கட்டுகளைத் தடவிப் பார்த்தான். வசந்தத்தில் ஊரார் கூடிக் கூரைக்குப் புது வைக்கோல் வேயும்போது இந்த வீட்டிலிருந்து யார் ஏறுவார்கள் என்று விசாரித்தான். சாப்பிடக் கூப்பிட்டால், விருந்தாளிப் பக்கம் காலியாக இருக்க, கணப்பருகே அப்பா இடத்தில் போய் உட்கார்ந்தான்.

"அது வீட்டுத் தலைவர் உக்கார்ற இடம் தம்பி," என்றேன்.

"தெரியும்," என்றான். காது சிவந்தது, ஆனால் எழவில்லை.

விற்காதே, வாடகைக்கு விடாதே, இடிக்காதே என்பது ஊர்க் கட்டுப்பாடு. அப்பா காரியத்தன்றே வீட்டை விற்கலாம் என்றவர் நீங்கள். இவனும் வாங்க வந்தவன்தானே?

கினுயோ

நகோயா
அக்டோபர் 14

அன்புள்ள கினுயோ,

உன் கையெழுத்தைப் பார்த்ததே சந்தோஷம். முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். வீடு வாங்க நான் யாரையும் அனுப்பவில்லை. அந்தப் பிள்ளையை ஏன் மறுநாளே அனுப்பிவிட்டாய்?

யசுஹிகோ

ஓகிமாச்சி
அக்டோபர் 18

அண்ணனுக்கு,

மூன்று நாள் தங்க வந்தான் என்றுதான் எழுதினேன். மறுநாளே போனது உங்களுக்கு எப்படித் தெரியும்? "வீடு வாங்க" அனுப்பவில்லை என்றால், வேறு எதற்கு அனுப்பினீர்கள்?

ஆமாம், வேறு ஆட்களுக்கு அறை வேண்டும் என்று பொய் சொல்லித்தான் அனுப்பினேன். அவனுக்கு இடம் கொடுக்க வேண்டாம் என்று அக்கம்பக்கத்திலும் சொல்லிவைத்தேன். இனி வரவே கூடாதென்று வாசலில் உப்பும் தூவினேன்.

கினுயோ

நகோயா
அக்டோபர் 22

கினுயோ,

அவன் சோத்தா. என் மகன். நீ அவனைக் குழந்தையில் பார்த்ததோடு சரி. முராசே அவன் அம்மா வீட்டுப் பெயர். என் வீட்டார் கால் அந்த வாசலில் படக்கூடாது என்று அப்பா காரியத்தன்று நீ சொன்னாய். அதனால் பெயரை மறைக்கச் சொன்னது நான்தான்.

தச்சு வேலை கற்றிருக்கிறான். உன்னோடு இருந்து கூரைக்கு ஏற ஆசைப்பட்டான். கணப்பருகே நம் இடம் எது என்று சொல்லித்தான் அனுப்பினேன். திரும்பி வந்து ஒன்றே ஒன்று சொன்னான்: "தெருமுனையில திரும்பிப் பார்த்தேன்பா. அத்தை உப்பு தூவிட்டு இருந்தாங்க."

யசுஹிகோ

ஓகிமாச்சி
நவம்பர் 3

அண்ணா,

இத்தனை நாள் எழுதக் கை வரவில்லை. சொந்த அத்தையிடம் பொய்ப் பெயர் சொல்லச் சொன்ன உங்கள் மேல் கோபம். என் மேல் அதைவிடக் கோபம். அந்தக் காதைப் பார்த்தாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்படியே அப்பாவின் காது.

நேற்று ஊர்க்கூட்டத்தில், கூரை வேலைக்கு எந்த வீட்டிலிருந்து எத்தனை பேர் என்று கேட்டார்கள். "எங்க வீட்ல ரெண்டு பேர். நானும் என் அண்ணன் மகனும்," என்றேன்.

"இடம் குடுக்காதீங்கன்னு சொன்னியே, அவனா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"அவனேதான்."

கூட்டமே சிரித்தது. சிரிக்கட்டும்.

அப்பா இடத்தில் மெத்தை போட்டு வைத்திருக்கிறேன். விருந்தாளி யாரையும் அதில் உட்கார விடுவதில்லை. அவன் வராவிட்டால் இந்த முழங்காலோடு நான் தனியாகத்தான் ஏற வேண்டும். இதை அவனிடம் படித்துக் காட்டுங்கள்.

சோத்தாவின் அத்தை,
கினுயோ