ஆறாயிரம் காட்டிய மீட்டர்

உன் வண்டியின் சீட்டைக் கழற்றி முற்றத்து வெயிலில் போட்டு நாலு நாளாகிறது. வாடை போகவில்லை. சோப்புப் பொடி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் பார்த்தாயிற்று. அழுகின மீன்தண்ணீர் பஞ்சுக்குள் ஊறிக் கிடக்கிறது. காக்கைகள் வந்து கொத்திப் பிய்க்கின்றன. மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத் திருப்பிப் போடும்போதெல்லாம் குமட்டுகிறது.

வண்டி என் கைக்கு வந்து ஒரு மாதம். நீ இறந்துபோய் ஒன்றரை வருஷம் கழித்து, உன் மனைவி அதை விற்க நினைப்பதாக உன் தம்பி வந்து சொன்னான். சிநேகிதன் வண்டி வேறு எவன் கைக்கோ போக வேண்டாமென்று நானே எடுத்துக்கொண்டேன். எட்டு வருஷ வண்டிக்கு மீட்டர் ஆறாயிரத்துச் சொச்சம்தான் காட்டியது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. வளைகுடாவிலிருந்து வருஷத்துக்கு ஒரு மாதம் லீவில் வருவாய். அந்த ஒரு மாதம்தான் அது ஓடும். மற்ற நாளில் அவ்வப்போது ஸ்டார்ட் செய்து போடச் சொல்லிச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போவாய். நீ இல்லாத மாதங்களில் உன் மனைவி அவள் அம்மா வீட்டில் இருப்பாள். கொட்டகையில் நிற்கும் வண்டியை யார் பார்க்கப் போகிறார்கள்?

நீ அதை வைத்திருந்த விதம் எனக்குத் தெரியும். கடியப்பட்டணத்திலிருந்து சுசீந்திரத்துக்கு என் வீட்டுக்கு வந்தால், சாப்பிட உட்காரும் முன்னே கிணற்றடியில் வண்டியைக் கழுவுவாய். "கடக்காத்து இரும்பத் தின்னுரும்லே. நல்ல தண்ணி ஊத்திட்டுதான் சோறு" என்பாய். ஒவ்வொரு லீவிலும் ஏதாவது புதிதாக ஏறும். ஒரு வருஷம் முன்னால் கிராஷ் கார்டு. ஒரு வருஷம் உருண்டைக் கண்ணாடிகள். கல்யாணமான வருஷம் உன் மனைவிக்காக அகலமான சீட்டு, அவள் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. வெல்டிங் வேலைக்காரன் நீ, அந்தக் கம்பியை நீயே வளைத்து ஒட்டினாய்.

நானும் என் பங்குக்கு ஏதாவது செய்யலாமென்றுதான் சீட்டைப் பிரித்தேன். மேலே புது உறை போட்டு மறைத்திருந்த வாடை அப்போதுதான் வந்தது. அடியில் சட்டமெல்லாம் துரு. துருவுக்கு மேலேயே கறுப்புப் பெயின்ட். இரண்டு பக்கமும் கயிறு உரசின தடம், மூலையில் காய்ந்து ஒட்டிய மீன் செதில். சீட்டுக்குப் பதில் ஒரு சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு இராஜாக்கமங்கலத்து மெக்கானிக்கிடம் ஓட்டிப் போனேன்.

அவன் சங்கிலிச் சக்கரத்தின் பல்லைப் பார்த்துச் சிரித்தான். ஆறாயிரத்தில் இப்படித் தேயாது, மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டியிருக்கிறார்கள் என்றான். நட்டில் ஸ்பேனர் பட்ட தடங்களைக் காட்டினான். பிறகு பின்சக்கரத்தைக் கழற்றி, டிரம்மை வெளிச்சத்துக்குத் திருப்பினான்.

"பிரேக் கட்டை புதுசு. ஆனா உள்ள பாருங்க, வரிவரியா கீறிக் கெடக்கு. பழைய கட்டை தேஞ்சு இரும்பும் இரும்பும் உரசி ஓடியிருக்கு. அப்பம் எவனாவது அவசரத்துக்குப் பிரேக்கச் சவுட்டியிருந்தா வண்டி நின்னிருக்காது."

சவுட்டினவன் நீ.

உன் கடைசி லீவின் இரண்டாம் நாள். மனைவியை அவள் அம்மா வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வரும் வழியில், முன்னால் போன வேன் சட்டென்று நின்றது. உனக்குச் சிராய்ப்பு. அவளுக்கு வலது மணிக்கட்டு நொறுங்கிப்போய்விட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாய்: "சவுட்டினேனா இல்லியான்னே தெரியல மக்கா. எனக்க தப்புதான்." நான் உன் தோளைத் தொட்டிருக்கலாம். "வருஷத்துக்கு ஒரு மாசம் ஓட்டுதவனுக்கு இந்த வேகம் எதுக்குலே?" என்று கேட்டேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய்.

உன் தம்பி ஜன்னலில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலமே வண்டியைச் சரிசெய்து வைக்கிறேனென்று எடுத்துப் போனான். நல்ல பயல் என்று நீ என்னிடம் சொன்னாய். அந்த லீவு முடியும்வரை நீ வண்டிப்பக்கம் போகவில்லை. திரும்பிப் போனாய். அடுத்த லீவுக்கு முன்னே அங்கே தொழிலாளர் கேம்ப்பில் நெஞ்சுவலி வந்து போய்விட்டாய்.

மெக்கானிக் கடையிலிருந்து நேரே கடியப்பட்டணம் போனேன். உன் தம்பி கரையில் பெட்டிக்குள் மீனுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தான். மறைக்கவில்லை.

"அண்ணனுக்க வண்டிதானே. சும்மா நின்னு துருப்பிடிக்கதுக்கு மீன் ஏத்தினா என்ன?"

பிரேக் கட்டையை நீ வருவதற்குள் மாற்ற நினைத்தானாம், மறந்துவிட்டானாம். ஆஸ்பத்திரியில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா அண்ணன் சாவிய வாங்கி வச்சிருக்கும்லா."

சொல்லிவிட்டுக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, டீ குடிக்கிறீர்களா என்றான். அண்ணன் தன்னையே நொந்துகொண்டிருந்ததைப் பார்த்து நின்றவன், அதற்குப் பிறகும் அதே வண்டியில் மீன் ஏற்றியிருக்கிறான். அடிக்கக்கூடத் தோன்றவில்லை. அவனைத் தொடவே அருவருப்பாக இருந்தது.

உன் மனைவியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னதைக் கேட்டாள். அது இன்றும் முழுதாக மடங்குவதில்லை. போனில் முகம் பார்த்துப் பேசும்போது அந்தக் கை தெரிந்தால் நீ பார்வையைத் திருப்பிக்கொள்வாயாம். அதனால் அவள் அதைச் சேலைக்குள் வைத்துக்கொண்டே பேசுவாளாம். "அவருக்க தப்பு இல்லேன்னு அறியாமலே போயிட்டாரே. நீங்க கூட்டுக்காரன்லா, நீங்க சொல்லுங்க" என்றாள்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நீ சவுட்டினாய் மக்கா. சரியான நேரத்துக்குத்தான் சவுட்டினாய். வண்டி நிற்கவில்லை, அவ்வளவுதான்.

சட்டத்தைச் சுரண்டி அடிப்பெயின்ட் கொடுத்திருக்கிறேன். டிரம், கட்டை, சங்கிலி எல்லாம் புதிது. சீட்டுக்குப் புதுப் பஞ்சு சொல்லியிருக்கிறேன். நீ வளைத்த கம்பியை மட்டும் கழற்றவில்லை. உன் தம்பியை எதிரே கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் வராந்தாவில் அந்தக் கேள்வியைக் கேட்டது நான். அதற்குத்தான் நீ தலை குனிந்தாய். அது நிமிர்ந்ததை நான் பார்க்கவேயில்லை. வண்டியில் எங்கே போனாலும் அந்தக் குனிந்த தலை கூடவே வருகிறது.