மீனின் பீடத்துக்குள் கிடப்பது

யூன் 30, திங்கள்
கச்சான் காற்று. மேசையெல்லாம் புழுதி. புதுப் பொழுதுபோக்கு நிலையத்தின் வாசலில் என்ன சிலை வைப்பது என்று நகரசபையில் காலை முழுக்க இழுபறி. சாமி வேண்டாம், அரசியல்வாதி வேண்டாம். மான் என்றதற்கு, "ரவுணுக்குள்ள திரியிற மான் காணாதே?" என்றார் ஒருவர். கடைசியில் மீன். மீனோடு ஒருவருக்கும் கோபமில்லை.

பொறுப்பு என் தலையில். கலாசார உத்தியோகத்தர் என்றால் சும்மா இருக்கிற ஆள் என்று நினைப்பு. வீட்டுக்கு ஒரு பழைய இரும்பு வாங்கி, அதிலேயே மீன் செய்யலாம் என்றேன். கைதட்டினார்கள். உச்சி குளிர்ந்தது, மறைப்பானேன்.
வாங்க: பாண், பனடோல், அம்மாவின் கண்மருந்து.

யூலை 4, வெள்ளி
இரும்பு குவிகிறது. தையல் மெஷின் சில்லு, சைக்கிள் செயின், ஓட்டைத் தாச்சி. இறக்கக்கண்டியில் மீன் பிடிக்கும் நசீர் நானா, வலையில் வந்த இரும்பு உருளை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். கை நீளம். மேலெல்லாம் சிப்பி. சிலை செய்யும் மரியதாஸ் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "நல்ல பாரம் மிஸ். பீடத்துக்குள்ள போட்டால் எந்தக் காத்துக்கும் மீன் ஆடாது."

பின்னேரமே கொங்கிறீட் போட்டாச்சு.

யூலை 15, செவ்வாய்
மீன் ஏறிவிட்டது. அழகு. சாயம் காய முதலே பிள்ளைகள் முதுகில் ஏறிக் குதிக்கிறார்கள்.

நசீர் நானா வந்தார், முகம் வெளிறி. "மிஸ், நான் தந்த சாமான் எங்க?"

பீடத்தைக் காட்டினேன். துறைமுகப் பக்கம் ஒட்டியிருக்கிற எச்சரிக்கைப் படத்தில் அதே சாமானாம். ஷெல். சண்டைக் காலத்துக் குண்டு.

"கண்ட உடன பொலிசுக்குச் சொல்லியிருக்கலாமே?"

"படத்தை இண்டைக்குத்தான் பார்த்தன், மிஸ். இனிச் சொன்னா என்ட மீன் வாடிய முழுக்கக் கிண்டுவாங்க. இன்னும் எத்தின ஒளிச்சு வெச்சிருக்கே எண்டு கேப்பாங்க."

ஏச வாய் வரவில்லை. நானும் சொல்லியிருக்க மாட்டேன். பிள்ளைகளை இறக்கி, சாயம் ஈரம் என்று கலைத்தேன்.

யூலை 16, புதன்
சபைத் தலைவரிடம் போனேன். தேத்தண்ணீர் தந்தார்.

"இவ்வளவு காலம் கடலுக்க கிடந்து வெடிக்காதது இனியோ வெடிக்கப்போகுது? வெள்ளிக்கிழமை திறப்புவிழா. முடியட்டும், பாப்பம்."

பீடத்தில் அவருடைய பெயர்க்கல் பூட்ட, நாளைக் காலை துளை போட ஆள் வருமாம். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

மரியதாசுக்குப் போன் எடுத்தேன். "என்ட பேரைச் சொல்லிப்போடாதேங்கோ மிஸ். முந்தி ஒருக்கா உள்ள இருந்தனான்."

சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் காய்ச்சல் என்றேன்.

யூலை 17, வியாழன்
காற்று இன்னும் மோசம். துளை போடுகிறவர் வருமுன் போய் நிலையத்தின் வெளிக் கேற்றைப் பூட்டி, திறப்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். பிறகு பொலிசுக்கு எடுத்தேன்.

ஆமி வந்தது. மஞ்சள் நாடா. தெருச் சனத்தை எழுப்பி அனுப்பினார்கள். மத்தியானத்துக்குள் மீனை இறக்கி, பீடத்தை மெல்ல மெல்ல உடைத்து எடுத்தார்கள். ஷெல்தான். உயிரோடு இருக்கிற சாமான் என்றார் ஆமிப் பெரியவர். தலைவர் என் பக்கமே திரும்பவில்லை.

பிறகு பொலிஸ் விசாரணை.

"ஆர் கொண்டுவந்தது?"

"வீட்டுக்கு ஒண்டு எண்டு கேட்டது."

"எந்த வீடு?"

நாடாவுக்கு அப்பால், சனத்துக்குள் நசீர் நானா. குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் மரியதாஸ்.

"எங்கட வீடு," என்றேன். "வளவு மண்ணுக்க கிடந்தது."

எழுதி, கையெழுத்து வாங்கினார்கள். நன்றி என்று வேறு சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். அம்மா குசினிக்குள் மீன் பொரிக்கிறா. அவவுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கே தொடங்குவது?

படலையடியில் வாகனம் வந்து நிற்கிறது. ஒன்றல்ல. மண்வெட்டிகள் இறக்குகிற சத்தம்.

"ஆர் பிள்ளை இந்த நேரத்தில?" அம்மா கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போகிறா.